எத்தனை சிசி போதும்? வைர மரமும் செயின் சாவும்

விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் செயின் சா கேட்டால் பேச்சு சிசியில்தான் தொடங்கும். "58 சிசி, 22 இஞ்சு பார். புளியா இருந்தாலும் வேம்பா இருந்தாலும் போட்டுத் தள்ளிடும்" என்பார் கடைக்காரர். விலை பத்தாயிரம் ரூபாய்க்குள் இருக்கும். அதே கடையில் 45 சிசி, 18 இஞ்சு பார் போட்ட ஜெர்மன் மிஷின் நான்கைந்து மடங்கு விலையில் இருக்கும். சிசி கூடுதல், பார் நீளம், விலையோ குறைவு என்றால் வாங்க வந்தவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2011-ல் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016-ல் வர்தா சென்னைச் சாலை மரங்களையும், 2018-ல் கஜா டெல்டாவின் தென்னைகளையும் வீழ்த்தின. கோடாலியும் இழுவாளும் வைத்துக்கொண்டு அந்த வேலையை முடித்திருக்க முடியாது. இன்று கரிமூட்டம் போடுபவர், விறகுக் கடைக்காரர், தோப்பு வைத்திருப்பவர் என்று பலருக்கும் சொந்த மிஷின் தேவைப்படுகிறது. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வைரம் பாய்ந்த மரத்தை அறுக்கவும் விறகு துண்டு போடவும் எது பலமான மிஷின்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தின் விட்டம், பல்லின் கூர், மிஷின் ஓடப்போகும் மணிக்கணக்கு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு, நான்காவதாகத்தான் சிசியைப் பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குவோம். தாவரங்களை அகக்காழ் உடையவை, புறக்காழ் உடையவை என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துவைத்தது செயின் சா பிடிப்பவருக்கு இன்றும் உதவும். புளி, வேம்பு, கருவேலம், வாகை இவற்றுக்கு வைரம் உள்ளே. பட்டையும் வெள்ளைக் கட்டையும் சுலபமாக அறுபடும். நடுவை நெருங்கும்போதுதான் மிஷின் முனகத் தொடங்கும். பனைக்கும் தென்னைக்கும் கடினம் வெளியில். அங்கே முதல் இரண்டு மூன்று அங்குலத்தில் பல் பெரும் பாடு படும். உள்ளே போன பிறகு கட்டை நாராக மாறி ஸ்பிராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். தேக்கு அவ்வளவு கடினமான மரமில்லை. ஆனால் அதன் கட்டையில் சிலிக்கா உண்டு. அது பல்லின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். காய்ந்த புளியங்கட்டையும் பச்சைப் புளியங்கட்டையும் ஒரே மரம் என்று நினைத்து ஒரே வேகத்தை எதிர்பார்ப்பதும் தவறு. விறகுக்கு வெட்டுபவர்கள் மரம் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டு, பிளந்து, பிறகு காயவிடுவது பல்லுக்கும் பெட்ரோலுக்கும் லாபம்.

கடினத்தைவிட விட்டம் முக்கியம். தமிழ்நாட்டில் விறகாகவும் கரியாகவும் போகும் மரத்தில் பெரும்பங்கு சீமைக் கருவேலமும் சவுக்கும். சவுக்கு நான்கைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. அடிமரம் கைக்குள் அடங்கும் பருமன்தான். மரம் கனமானது, எரிசக்தியில் முதல் வரிசை. ஆனாலும் அதை அறுக்க 70 சிசி மிஷின் எதற்கு? சீமைக் கருவேலம் ஒரே தூரில் பல கிளையாக வெடித்து வளர்வது. ஒரு அடிக்கு மேல் பருத்த தண்டு அங்கொன்றும் இங்கொன்றும்தான் கிடைக்கும். 1877 வாக்கில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்த மரம் இன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்க் கண்மாய்களை அடைத்து நிற்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் அரிவாளும் மிஷினுமாக இறங்கியது. அங்கே மிஷினைக் கெடுத்தது கட்டையின் கடினமில்லை, மண். தூரோடு ஒட்ட அறுத்தால்தான் மறுபடி துளிர்க்காது என்று நினைத்து தரையை உரசி அறுப்பார்கள். ஓடும் செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், அத்தனை பல்லும் மழுங்கிவிடும். ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, தூரை ஜேசிபி வைத்துப் பறிப்பதே சரி. தூர்க்கட்டையும் கரிக்கு விலை போகும்.

ஆக, உண்மையாகவே பெரிய மிஷின் கேட்கும் வேலை என்பது வயதான புளி, வேம்பு, வாகை, இலுப்பை, மருதம் போன்ற இரண்டு அடி, மூன்று அடி விட்டத்து மரங்கள். நான்குவழிச் சாலைக்காக வெட்டிய நெடுஞ்சாலைப் புளியமரங்கள் அந்த ரகம். அந்த வேலை தினமும் இருப்பவருக்குக் கணக்கு வேறு.

இப்போது சிசிக்கு வருவோம். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. இன்ஜின் பலத்தைச் சொல்வது கிலோவாட். இரண்டும் ஒன்றாகவே ஏறும் என்று நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் ஸ்டீல் (Stihl) கம்பெனியின் 070 என்ற பழைய மாடல், ஆசியாவின் மரக்காடுகளில் பலகை அறுக்க இன்றும் ஓடுவது, 105.7 சிசி, தருவது 4.8 கிலோவாட். அதே கம்பெனியின் எம்எஸ் 500ஐ, ஃபியூயல் இன்ஜெக்ஷன் வைத்தது, 79.2 சிசியில் 5 கிலோவாட் தருகிறது. எடையில் பார் இல்லாமல் 6.2 கிலோதான். 070 அதைவிடப் பல கிலோ கூடுதல். பழைய மிஷினுக்கு இழுவை அதிகம், சுற்று குறைவு. கட்டையைப் படுக்கவைத்து நீளவாக்கில் பலகை எடுக்க அது நல்லது. நின்று மரம் வெட்டுபவருக்கு அது தோள்வலி.

மலிவு மிஷின்களின் சிசியைக் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. கையேட்டில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் போட்டிருந்தால் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். விட்டம் 45.2 மில்லிமீட்டர், ஓட்டம் 34 மில்லிமீட்டர் என்று இருந்தால் கிடைப்பது 54.6 சிசி. பெட்டியின் மேல் 58 என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்றரை சிசி போனதில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பெட்டியின் முதல் எண்ணே சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் கிராங்க் பேரிங்கையும் சிலிண்டர் பூச்சையும் எந்த நம்பிக்கையில் வாங்குவது?

கம்பெனி மிஷின்களில் பொதுவாக இப்படி வரிசை போடலாம். 30 முதல் 35 சிசி வரை ஒன்றரைக் கிலோவாட் அளவு. கிளை கழிக்கவும் தென்னை மட்டை, சிறு விறகு துண்டு போடவும். 45 முதல் 50 சிசி வரை இரண்டேகால் முதல் மூன்று கிலோவாட். உதாரணமாக ஸ்டீல் எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட். 60 முதல் 72 சிசி வரை மூன்றரை முதல் நாலரை. ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி, ஸ்டீல் எம்எஸ் 382 போன்றவை இந்தக் கூட்டம். 90 சிசிக்கு மேல் போவது பலகை எடுப்பவருக்கும், நான்கடி மரத்தோடு மல்லுக்கு நிற்பவருக்கும்.

பார் நீளத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நீண்ட பார் என்றால் பெரிய மரம் என்பது பாதி உண்மை. பார் முழுவதும் வைர மரத்துக்குள் புதைந்து நிற்கும்போது ஒரே நேரத்தில் கடிக்கும் பற்கள் கூடுகின்றன. அத்தனையையும் இழுக்க இன்ஜினுக்குப் பலம் வேண்டும். அத்தனை நீளத்துக்கும் எண்ணெய் தள்ள ஆயில் பம்ப்பும் வேண்டும். இரண்டு கிலோவாட் சொச்சம் தரும் இன்ஜினில் 22 இஞ்சு பார் போட்டால், பச்சை முருங்கையில் பறக்கும். காய்ந்த புளியில் சுற்று இறங்கி, கிளட்ச் வழுக்கி, புகை வரும். அதே இன்ஜினில் 16 அல்லது 18 இஞ்சு போட்டால் நன்றாக அறுக்கும். 18 இஞ்சு பாரில் இரண்டு பக்கமும் மாறி அறுத்தால் முப்பது அங்குல விட்டத்தைச் சமாளிக்கலாம். வைர மரத்துக்கு என் அளவு: 50 சிசிக்கு 18 இஞ்சு, 60 சிசிக்கு 20, 70 சிசிக்கு 25-க்கு மேல் வேண்டாம்.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் செயினைப் பற்றிப் பேசுவதே இல்லை. மரத்தை அறுப்பது பல்தானே. செயின் சாவின் கதையே இதற்குச் சாட்சி. 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியில் செய்த முதல் மின்சார செயின் சா ஏறக்குறைய 48 கிலோ. இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அடுத்த வருடமே எமில் லெர்ப் பெட்ரோலில் ஓடும் ஒன்றைச் செய்து டோல்மார் என்ற மலையில் ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவர் கம்பெனியின் பெயரானது. ஒரே ஆள் தூக்கும்படி 16 கிலோவில் ஸ்டீல் மிஷின் 1950-ல் வந்தது. இவையெல்லாம் இன்ஜின் கதை. பல்லோ 1940-கள் வரை கைரம்பத்தின் பல்லைப் போலவே கீறிக் கீறித்தான் அறுத்தது. 1946-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், ஒரு வண்டுப் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கொறித்துக்கொண்டே போவதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்து, இடது பல் ஒன்று, வலது பல் ஒன்று என்று மாறி மாறிச் சீவி எடுக்கும் செயினைச் செய்தார். இன்று உலகத்தில் ஓடும் செயின்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகளே.

பல்லில் இரண்டு சாதி உண்டு. மூலை கூராக, சதுரமாக இருப்பது ஃபுல் சிசல். சுத்தமான பச்சை மரத்தில் இதை மிஞ்ச வேறு இல்லை. ஆனால் மூலை மழுங்கினால் முழுப் பல்லும் போன மாதிரி. மூலை உருண்டிருப்பது செமி சிசல். வேகம் கொஞ்சம் குறைவு, கூர் நீண்ட நேரம் நிற்கும், தூசிக்கும் காய்ந்த கட்டைக்கும் ஈடுகொடுக்கும். நம் ஊர் மரம் எப்படிப்பட்டது? பட்டையில் புழுதி, வெள்ளம் ஏறி இறங்கிய கண்மாய்ச் சேறு, சாலையோர மரமென்றால் விளம்பரத் தட்டி அடித்த ஆணி, எப்போதோ கட்டிய கம்பி மேல் வளர்ந்து மூடிய கட்டை. இதற்கு செமி சிசல்தான். கடையில் மிஷினோடு எது வருகிறதோ அதையே காலம் முழுக்கப் போட வேண்டும் என்று சட்டமில்லை. அடுத்த செயின் வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கார்பைடு முனை வைத்த செயினும் உண்டு. அழுக்குக் கட்டைக்கு நல்லதுதான், ஆனால் சாதாரண அரத்துக்கு மசியாது. வைரக்கல் சக்கரம் வேண்டும். விலையும் பல மடங்கு.

செயின் வாங்க மூன்று எண் தெரிந்தால் போதும்: பிட்ச், பாரின் பள்ளத்தில் ஓடும் இணைப்பின் தடிமன், இணைப்புகளின் எண்ணிக்கை. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் வகுத்தால் பிட்ச். 50 சிசி மிஷின்களில் .325, பெரியவற்றில் 3/8, ராட்சதங்களில் .404 இஞ்சு. தடிமன் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். பள்ளம் 1.6 ஆக இருந்து செயின் 1.3 ஆக இருந்தால் அது ஆடிக்கொண்டே ஓடும், வெட்டு கோணலாகும். பார் மேலேயே இந்த எண்களைப் பொறித்திருப்பார்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு உதவும்.

கூர் போடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலம் போதவில்லை என்று கடைக்குத் திரும்பி வரும் மிஷின்களில் பாதிக்கு மேல் மழுங்கிய செயின்தான் நோய் என்பது என் எண்ணம். .325 பிட்சுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், 3/8-க்கு 5.2 அல்லது 5.5. பொதுவாக 30 டிகிரி கோணம். வைர மரத்துக்கு 25 டிகிரியாகக் குறைத்தால் முனை தடித்து, கூர் நிற்கும். பல்லுக்கு முன்னால் நிற்கும் ரேக்கர் என்ற குட்டைத் திமில், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. அது பல்லின் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டே போய் ரேக்கரை மறந்தால், பல் கூராக இருந்தும் கடிக்காது. கடிக்கவில்லையே என்று ரேக்கரை வெறிகொண்டு தேய்த்தால் மிஷின் துள்ளும். கண்ணுக்குத் தெரியும் சோதனை ஒன்று: வெட்டிலிருந்து சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரித் தூளாகக் கொட்டினால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள். அமுக்கி அறுக்க வேண்டிவந்தாலும் அதே பொருள்தான். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தேய்ப்பு கொடுப்பவர் 45 சிசியில் செய்யும் வேலையை, கூர் போடாதவர் 70 சிசியிலும் செய்ய முடியாது.

எரிபொருளில் இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கையால் திருகித் திருத்தும் கார்புரேட்டர் உள்ள மிஷினுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் கையேடுகள் உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நாம் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். உறிஞ்சும் குழாய் இருப்பது அடியில். ஆயில் இல்லாத கலவை உள்ளே போய் பிஸ்டனைக் கீறிவிடும். தப்ப வழி எளிது: அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலப்பது, இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து தானாக அணையும்வரை ஓடவிடுவது. நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, கையேடு 25-க்கு 1 கேட்டால் 40 மில்லி. இன்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் கூட ஊற்றினால் கரிதான் சேரும். செயினுக்கு வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவது நாடு முழுக்க உள்ள பழக்கம். அதிலுள்ள உலோகத் துகள் பாரையும் பம்ப்பையும் அரிக்கும். அறுப்பவரின் கையிலும் மூச்சிலும் அதுவே தெறிக்கும். மிச்சமாகும் சில ரூபாய்க்கு இது தகாது.

பேட்டரி மிஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். தோட்டத்துக் கிளைக்கும், சத்தம் கூடாத இடத்துக்கும் நன்று. நாள் முழுக்கப் புளி அறுப்பவருக்கு, மாற்று பேட்டரிகளின் விலையைப் பார்த்தால் இன்னும் காலம் வரவில்லை. ஒரே இடத்தில் குவித்துத் துண்டு போடும் விறகுக் கடைக்கு மட்டும் நான் மாற்றுச் சொல்வேன்: கரன்ட் இருக்கிற இடத்தில் பெட்ரோல் மிஷின் எதற்கு? வயர் வைத்த 2,000 வாட் மின்சார செயின் சா குறைந்த செலவில் அந்த வேலையைச் செய்யும். வேலை இன்னும் அதிகமென்றால் மோட்டார் வைத்த வட்ட ரம்பம்.

அடுத்தது உடம்பு. வாங்கும்போது யாரும் கேட்காத எண் அதிர்வு. கைக்கு வரும் அதிர்வு எட்டு மணி நேர வேலைக்கு நொடிவர்க்கத்துக்கு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, 2.5-லேயே தற்காப்பு தொடங்க வேண்டும் என்கிறார்கள். ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்துப் பிடியைப் பிரித்த நல்ல மிஷின்களில் இது வெகுவாகக் குறையும். மலிவு மிஷினில் ஒரு மணி நேரம் அறுத்துவிட்டு டீ கிளாஸைப் பிடிக்கும்போது விரல் மரத்திருந்தால், அது விலையில் மிச்சம் பிடித்த பணத்தின் மறுபக்கம். வருடக்கணக்கில் இப்படி ஓட்டியவர்களுக்கு விரல் வெளுத்து உணர்வு போகும் நோய் வருகிறது.

அதைவிட வேகமாக ஆளைச் சாய்ப்பது உதைப்பு. பார் மூக்கின் மேல் கால்பாகம் எதையாவது தொட்டால், கண் இமைக்கும் முன் மிஷின் முகத்துக்கு எழும்பும். முன்பிடிக்கு எதிரே நிற்கும் கைக்காப்பு அதற்குத்தான். அதைத் தள்ளினால் செயின் நிற்க வேண்டும். கடையில் மிஷினை ஓடவிட்டு இதைச் சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கைக்காப்பு இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்க்கலாம்; மிஷினோடு மரமேறி ஒரு கையால் அறுப்பவர்களையும் பார்க்கலாம். எந்த மாடலும் அவர்களுக்கு ஏற்றதில்லை.

மரம் சாய்க்கும் முறையை ஒரு கட்டுரையில் கற்க முடியாது. விழவேண்டிய பக்கம் விட்டத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வாய் எடுத்து, பின்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் அறுத்து, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கட்டையைக் கீல் போல அறுக்காமல் விடுவார்கள். அந்தக் கீலை முழுவதும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். மர உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆள் கூடாது. பார் சிக்காமல் இருக்க ஆப்பு வைப்பதென்றால் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்பு. இரும்பு ஆப்பில் செயின் பட்டால் செயின் போச்சு.

வெட்டுமுன் அனுமதி விஷயம் ஒன்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டிலிருந்தே மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2002-ல் ஒரு படி மேலே போய், செயின் சா வைத்திருக்கவே பதிவு கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டது.

என் தீர்ப்பு இது. சவுக்கு, சீமைக் கருவேலம், வீட்டு விறகு, விழுந்த கிளை என்றால் 45 முதல் 50 சிசி, 18 இஞ்சு பார், செமி சிசல் செயின். உதிரிபாகம் உங்கள் தாலுகா ஊரிலேயே கிடைக்கும் கம்பெனி. வாரத்தில் நான்கு நாள் புளியும் வேம்பும் வெட்டுபவருக்கு 60 முதல் 72 சிசி, 20 முதல் 25 இஞ்சு. பலகை எடுக்காதவரும் நான்கடி மரம் வெட்டாதவரும் 90 சிசிக்கு மேல் போவது வீண். மலிவு 58 சிசி மிஷினை, வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டுபவர் பார் நீளத்தைக் குறைத்துப் போட்டு வைத்துக்கொள்ளலாம். பிழைப்புக்கு அதை நம்ப வேண்டாம். ஒதுக்கிய பணம் முழுவதையும் மிஷினில் போட்டுவிடாமல், இரண்டு மாற்று செயின், ஒரு அரம், முகத்திரை வைத்த ஹெல்மெட், காதடைப்பு, தொடைக்காப்பு இவற்றுக்கு முதலில் எடுத்துவையுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி. தோப்பில் அறுக்கப்போகும் மரங்களை நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளந்து, சுற்றளவை 3.14-ஆல் வகுத்து, விட்டங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிசியைச் சொல்லத் தொடங்கும்போது அந்தத் தாளை அவர் முன்னால் வையுங்கள்.